போர்வை ஓரப் பட்டி: மிஷினா, கையா?

தங்கச்சி, ஒட்டுத்துணியெல்லாம் சேர்த்து, நடுவுல பஞ்சு வச்சு, குயில்ட் போர்வையை முக்கால்வாசி முடிச்சிட்டே. மிச்சம் நாலு ஓரத்துக்கும் பட்டி வைக்கிறதுதான். இங்க வந்ததும் எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணு: மிஷின்லயே அடிச்சு முடிச்சிடலாமா, கையால எம்மிங் பண்ணணுமா?

பட்டிக்கு ரெண்டு சுத்துத் தையல் உண்டு. முதல் சுத்து, பட்டியைப் போர்வையோட சேர்க்கிறது. அது எப்படியும் மிஷின்தான். பட்டியை மடக்கி மூடுற ரெண்டாவது சுத்துக்குத்தான் இந்தக் கேள்வி. துவைக்கிற கல்லுக்கு அந்தப் போர்வை எத்தனை தடவை போகும்னு யோசி, பதில் கிடைச்சிடும். பிள்ளைங்க இழுத்துப் போர்த்திக்கிறது, வாராவாரம் துவைக்கிறதுன்னா மிஷின். சீர்வரிசையில வைக்கிறது, சுவத்துல மாட்டுறது, விருந்தாளி வந்தா மட்டும் எடுக்கிறதுன்னா கைத்தையல்.

எதுவா இருந்தாலும் முதல்ல செய்ய வேண்டியது

1. பட்டித் துணியைத் தண்ணியில போட்டு அலசிக் காய வை. கஞ்சி போட்ட காட்டன் சுருங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால தேச்சுப் பாரு, ஒட்டினா இன்னொரு அலசல்.

2. அளவு: 60க்கு 90 இன்ச் போர்வைன்னா சுத்தளவு 300. மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தா 312 இன்ச். 44 இன்ச் பன்னாத் துணியில கரையை வெட்டிட்டா, குறுக்கா 42 கிடைக்கும். இரண்டரை இன்ச் அகலத்துல 8 பட்டி வேணும். 60 சென்டிமீட்டர் துணி தாராளம். பஞ்சு இல்லாம பழைய நூல்புடவையை மட்டும் அடுக்கித் தைச்ச போர்வைன்னா 2 இன்ச் அகலமே போதும்.

3. நேரான ஓரத்துக்கு நேர் இழையிலேயே வெட்டு. இழைக்குச் சாய்வா வெட்டுற கிராஸ் பீஸ் வளைஞ்ச ஓரத்துக்கு மட்டும்தான். மத்ததுக்கெல்லாம் கிராஸ் வெட்டினா துணிதான் வீண்.

4. பட்டிகளைச் சாய்வா இணை. நேரா இணைச்சா தையல் எல்லாம் ஒரே இடத்துல தடிச்சு நிக்கும். இணைச்சதும் நீளவாக்குல ரெண்டா மடிச்சு அயர்ன் பண்ணு. ஓரத்துல ரெண்டு அடுக்குத் துணி இருந்தா சீக்கிரம் நையாது.

5. போர்வை ஓரத்தை ஸ்கேல் வச்சு நேராக்கி, விளிம்புக்குப் பக்கத்துல ஒரு ஓட்டுத்தையல் அடிச்சிடு. அடுக்குகள் நகராது.

மிஷின்ல முடிக்கிறதா இருந்தா

பட்டியை முதல்ல போர்வையோட பின்பக்கம் வச்சு, கால் இன்ச் உள்ள தள்ளித் தை. அப்புறம் முன்பக்கம் புரட்டி, மடிப்போட விளிம்புல தையல் அடி. கண்ணுக்குத் தெரியிற தையலை நீ பார்த்துக்கிட்டே ஓட்டலாம். மேல்நூல் பட்டி நிறத்துல, பாபின் நூல் பின்துணி நிறத்துல இருக்கட்டும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர், ஊசி 16ஆம் நம்பர்.

மேல்துணி தள்ளித் தள்ளிப் போய் ஓரம் அலையடிக்குதா? மேல்துணியையும் சேர்த்து நகர்த்துற வாக்கிங் ஃபுட் இருந்தா மாட்டு. பழைய கால் மிஷின்னா, ஃபுட் கம்பிக்கு மேல இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்து, அழுத்தம் குறையும். பட்டியை மட்டும் இழுத்துப் பிடிக்காதே. குண்டூசிக்குப் பதிலா தலை கிளிப்போ துணி கிளிப்போ போடு, தடிப்பான ஓரத்தை அதுதான் நல்லாப் பிடிக்கும்.

கையில முடிக்கிறதா இருந்தா

இங்க தலைகீழ்: முன்பக்கம் மிஷின்ல சேர்த்து, பின்பக்கம் மடக்கிக் கையால எம்மிங். ஊசி பின்துணியையும் பஞ்சையும் மட்டும் தொடணும், முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. இன்ச்சுக்கு நாலு தையல்னா 300 இன்ச்சுக்கு 1,200 தையல். ஒரே உட்காரல்ல முடிக்க நினைக்காதே, ஒரு பக்கத்தை ஒரு நாளைக்கு வச்சுக்கோ.

நூல் 18 இன்ச்சுக்கு மேல வேண்டாம், முறுக்கிக்கும். நூலைத் தேன்மெழுகுல ஒரு இழுப்பு இழுத்துட்டா சிக்காது. முக்கியமானது இது: ஒவ்வொரு சாண் நீளத்துக்கும் ஒரு கெட்டித்தையல் போட்டுப் பூட்டு. எங்கயாவது நூல் அறுந்தா, அந்தச் சாணோட நிக்கும்.

மூலையும் முடிவும்

மூலைக்குக் கால் இன்ச் முன்னாடியே தையலை நிறுத்து. பட்டியை மேல்நோக்கிச் சாய்வா மடி, பிறகு நேர் கீழே மடிச்சு, விளிம்புலேர்ந்து மறுபடி ஆரம்பி. புரட்டும்போது மூலை தானா கூர்மையா விழும்.

தைக்க ஆரம்பிக்கிறது பக்கத்தோட நடுவுல இருக்கட்டும், மூலையில வேண்டாம். 8 இன்ச் வாலைத் தைக்காம விட்டு வை. சுத்தி வந்ததும் ரெண்டு வாலும் ஒண்ணு மேல ஒண்ணு பட்டி அகலத்துக்கு, அதாவது இரண்டரை இன்ச்சுக்கு, ஏறி நிக்கிற மாதிரி வெட்டிச் சாய்வா இணை.

நம்ம ஊர் கைக்குச் சில

விருத்தாசலத்துல செராமிக் வேலைக்குப் போற கைகளுக்குக் களிமண்ணும் பிளாஸ்டரும் ஈரத்தை உறிஞ்சி விரல் நுனி சொரசொரன்னு ஆயிடும். நூல் அதுல மாட்டும். தேங்காய் எண்ணெய் தடவுறதா இருந்தா ராத்திரி தடவு, தைக்கிறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவு. எண்ணெய்க் கறை பட்டியில ஏறினா லேசுல போகாது. முந்திரிக் கொட்டை உடைக்கிற வீடுகள்ல போர்வையைத் தள்ளியே வை, ஓட்டுப்பால் தோலையும் பொத்துப் போகவைக்கும், துணியையும் கறையாக்கும்.

சூளைக்காரங்க புது மெருகைச் சின்னத் துண்டுல சுட்டுப் பார்க்கிற மாதிரி, நீயும் ஒரு கைப்பிடித்துணி அளவுல பஞ்சோட ஒரு மாதிரி தைச்சு, ரெண்டு ஓரம் மிஷின், ரெண்டு ஓரம் கைன்னு முடிச்சுத் துவைச்சுப் பாரு. எது உனக்குப் பிடிக்குதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

வேற ஊர்க்காரங்க எப்படி?

கர்நாடகத்துல சித்தி சமூகத்துப் பெண்கள் பழந்துணியில தைக்கிற கௌந்திக்குத் தனிப் பட்டியே கிடையாது. ஓரத்தை உள்ள மடக்கி, வெளிவிளிம்புலேர்ந்து சுத்திச் சுத்தி நடுவை நோக்கித் தைச்சுக்கிட்டே போவாங்க. மூலைகள்ல துணியை முக்கோணமா மடிச்சு வச்சுத் தைப்பாங்க, அது இல்லாம கௌந்தி முடிஞ்சதா ஆகாது. பட்டிக்குத் துணி பத்தலைன்னா இந்த வழி உனக்கும் உதவும். அமெரிக்காவுல ஆமிஷ் பெண்கள் கால் மிஷின்ல ஒட்டுத்துணியைச் சேர்த்துட்டு, குயில்ட் தையலைக் கையால போடுவாங்க. மிஷினும் கையும் ஒரே போர்வையில சேர்ந்து வர்றது அவங்களுக்குச் சகஜம். சென்னையிலும் 2019-ல் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்துச்சு. இந்த மாதிரி கண்காட்சிக்குப் போனா, போர்வையோட ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாரு.

கடைசியா, காய வைக்கிறது

ஈரப் போர்வையை ஒரே கொடியில ஓரத்தைப் பிடிச்சுத் தொங்க விட்டா மொத்தக் கனமும் பட்டியிலதான் இறங்கும். ரெண்டு கொடியில பரப்பிப் போடு. பட்டி நைஞ்சிருந்தாலும் போர்வையைத் தூக்கிப் போடாதே. பழைய பட்டியைப் பிரிச்சு, அரை மீட்டர் சொச்சம் துணியில புதுசு வச்சிடலாம். அந்த வேலைக்கு மட்டும் யோசிக்காம மிஷின்லயே அடி.