உரைதிருத்திகள்: விலையும் உரிமையும்

தச்சனுக்கு உளி எத்தகையதோ, கணினிக்குச் செய்நிரல் எழுதுவோனுக்கு உரைதிருத்தி அத்தகையது. இது சொற்செயலியின் வேறானது. எழுத்தின் பருமன், தடிப்பு முதலிய ஒப்பனைகளைக் கோப்பிற் சேர்க்காது வெற்றெழுத்தையே சேமிப்பது. இதனை விலைகொடுத்து வாங்குவதா, விலையின்றிப் பெறுவதா என மாணவர் எம்மை அடிக்கடி வினவுகின்றனர்.

விடை கூறுமுன் ஒரு சொல்லை ஆராய்தல் வேண்டும். விலையின்மை, கட்டின்மை ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் 'பிறீ' என்னும் ஒரு சொல்லே குறிக்கும். தமிழிலோ இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இருந்தும் நம்மவரும் மயங்குகின்றனர். றிச்சேட் ஸ்ரோல்மன் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் என்னும் திருத்தியை யாரும் படியெடுக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். எனினும் அதனைக் காந்த நாடாவிற் பதிந்து 150 டொலருக்கு அவர் விற்றார். கட்டற்றதற்கும் விலை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? மறுதலையாக, மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2015 இல் வெளியிட்ட விசுவல் ஸ்ரூடியோ கோட் இலவசமானது. அதன் மூலநிரல் எம்.ஐ.ரி. உரிமத்தின்கீழ் யாவர்க்கும் திறந்துளது. ஆயின் அந்நிறுவனம் பொதிந்து வழங்கும் படிக்கு வேறோர் உரிமம் உண்டு. பயன்பாட்டு விவரங்களையும் அப்படி அந்நிறுவனத்துக்கு அனுப்பும். அமைப்புகளிற் சென்று நாமே அதனை நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

பிராம் மூலனார் 1991 இல் வெளியிட்ட விம் பிறிதொரு வகையினது. பயன்படுத்துவோர் விரும்பின் உகண்டா நாட்டுச் சிறார்க்கு உதவுக என்பதே அவர் கேட்ட கைம்மாறு. அவர் 2023 இல் மறைந்தபின்னும் விம் வளர்ந்து வருகின்றது.

விலைக்குரியவற்றுள் யாம் மதிப்பது சப்லைம் ரெக்ஸ்ற். 2021 இல் அதன் நான்காம் பதிப்பு வந்தபோது தனியாளுரிமம் 99 டொலர்; மூன்றாண்டுப் புதுப்பித்தல் அதனுள் அடங்கும். பெருங்கோப்புகளையும் விரைந்து திறக்கும்; பழங்கணினியையும் வருத்தாது. வாங்காமலே காலவரையின்றிச் சோதித்துப் பார்க்க இடமளிப்பர். அதனைச் சாட்டாக வைத்து ஆண்டுக்கணக்கில் உழைப்பை உண்போரை யாம் மெச்சோம்.

விலையினும் பெரிய வினா, கருவி நாளையும் இருக்குமோ என்பது. கிற்ஹப் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட அற்றம் இலவசமாயிருந்தது. 2022 திசெம்பரில் நிறுத்தப்பட்டது. மூலநிரல் திறந்திருந்தமையாற் பிறர் அதனைப் பல்சார் என்னும் பெயரில் தொடர்ந்தனர். மூலநிரல் மூடப்பட்டிருப்பின் அவ்வழியும் அடைபட்டிருக்கும்.

ஆகவே கற்கும் மாணவன் கட்டற்ற ஒன்றிலே தொடங்குக. விம்மின் கட்டளைகளைப் பழகச் சில கிழமைகள் செல்லும். அஃது வீண்போகாது, வேறு பல திருத்திகளும் அக்கட்டளைகளை ஏற்கும். தொழிலால் ஊதியம் பெறுவோன் தன் கைக்கு இசைந்ததை விலைகொடுத்து வாங்குக.

தமிழில் எழுதுவோர் இன்னுமொன்று நோக்குக. 'கொ' நமக்கு ஓரெழுத்து. ஒருங்குறியிலோ ககரமும் ஒகரக்குறியும் என இரண்டு, யூரிஎவ்-8 முறையில் ஆறு பைற்று. எந்தத் திருத்தியாயினும் முதலில் 'கொடி' என்றெழுதி, சுட்டியை ஒவ்வோரெழுத்தாக நகர்த்தியும் அழித்தும் பார்த்த பின்னரே தேர்க.