பெண்ணுக்குப் பாதுகாப்பான தொழில் எது?

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, "அடுத்து என்ன படிப்பது?" என்பதாகும். அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது: "அந்த வேலை பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பா?" பல வீடுகளில் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காமையால் முதற் கேள்வியும் அத்தோடு முடிந்துவிடுகிறது. என்னைவிடத் திறமையான தோழியர் சிலரின் படிப்பு அவ்வாறு நின்றதை நான் அறிவேன். ஆகவே அக்கேள்வியை நிதானமாக ஆராய விரும்புகிறேன்.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் எமது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. தொடுவது மட்டுமன்றி, சொல்லாலோ செயலாலோ தொந்தரவு கொடுப்பதும் குற்றமே. வேலைத்தளத்தில் அதிகாரம் உள்ள ஒருவரின் விரும்பத்தகாத நடத்தையையும் அது உள்ளடக்குகிறது. ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நட்டஈடு வழங்குமாறும் நீதிமன்றம் கட்டளையிடலாம்.

ஆயினும் சட்டம் இருப்பதால் மட்டும் தொந்தரவு நின்றுவிடுவதில்லை. எனவே குறைவான ஆபத்துள்ள தொழிலைத் தேடுவது நியாயமானதே. ஆனால் நாம் தொழிலின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். "பெண்கள் நிறைந்த இடம், பயமில்லை" என்பார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களின் முன்னால் இருப்போரில் பெரும்பாலானோர் பெண்கள்தாம். ஆனால் லீவையும் மேலதிக நேர வேலையையும் தீர்மானிக்கும் மேற்பார்வையாளர் பெரும்பாலும் ஆணாகவே இருக்கிறார். தாதியர் சேவையிலும் பெண்களே அதிகம். அங்கு தொந்தரவு நோயாளியிடமிருந்தோ அவரைப் பார்க்க வருபவரிடமிருந்தோ வரலாம். ஆகவே எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பதைவிட, வேலை எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது என்பதே முக்கியம். அதனை அறிய நான்கு விடயங்களைக் கவனிக்கலாம்.

முதலாவது, அதிகாரம். அரசாங்கப் பாடசாலை ஆசிரியையின் நியமனமும் சம்பளமும் எழுதப்பட்ட சேவை விதிகளின்படி நடக்கின்றன. அதிபர் நினைத்தவுடன் அவரை நீக்க முடியாது. உரிமையாளர் ஒருவரே வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, நிறுத்தும் சிறிய இடத்தில் அவரைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

இரண்டாவது, தனிமை. மூடிய அறையில் ஒருவரோடு மட்டும் வேலையா, பலர் பார்க்கும் இடத்திலா?

மூன்றாவது, முறைப்பாட்டு வழி. முறைப்பாட்டை ஏற்பதற்குப் பொறுப்பான ஒருவர் இருக்கிறாரா?

நான்காவது, பயணம். இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் 90 சதவீதமான பெண்கள் தொந்தரவை அனுபவித்துள்ளதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வொன்று கூறியது. வேலைத்தளம் நல்லதாயினும், நெரிசலான பஸ்ஸில் தினமும் இரண்டு மணித்தியாலம் போவதென்றால் அதனையும் கணக்கிட வேண்டும்.

வீட்டிலிருந்தே செய்யும் தையல், கேக் தயாரிப்பு, கணக்கு வேலை போன்றவற்றில் மேலதிகாரியின் தொல்லை இல்லை. ஆனால் தொலைபேசியில் வரும் தொல்லை உண்டு. வியாபாரத்துக்கென வேறு இலக்கம் வைத்திருப்பது நல்லது. அதற்காக வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரக்கூடியவளையும் வீட்டுத் தொழிலுக்குள் அடக்கிவிடக் கூடாது. தவறு செய்பவன் வெளியே இருக்க, படித்தவள் உள்ளே இருப்பது நீதியாகாது.

ஓர் இடத்தைப் பற்றி அறிய, அங்கு வேலை செய்யும் பெண்களிடமும் அங்கிருந்து விலகிய பெண்களிடமும் விசாரியுங்கள். விலகியவர்கள் பயமின்றிப் பேசுவார்கள். எழுத்து மூலமான நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். தொந்தரவு நேர்ந்தால் திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸ் சிறுவர், மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

இறுதியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் வந்து ஒரு கசப்பான விடயத்தைச் சொல்லும்போது, "நாளையிலிருந்து போக வேண்டாம்" என்பதே முதல் வார்த்தையாக இருந்தால், அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். தொழிலை இழக்க விரும்பாதவள் துன்பத்தை மறைத்துக்கொள்வாள். தொந்தரவு செய்பவனுக்கு வேண்டியதும் அந்த மௌனந்தான். "நீ சொன்னது நல்லது மகள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்" என்று உம்மாவும் வாப்பாவும் சொல்லும் வீட்டுப் பிள்ளை, எந்தத் தொழிலுக்குப் போனாலும் தனித்துப் போவதில்லை.