மூக்குத் தண்டு ஆபரேஷன்: பலன் என்ன?

"மூக்கில் ஆபரேஷன் செய்தால் அடைப்பு தீருமா?" என்று கம்பைநல்லூர்ச் சகோதரர்கள் சிலர் நம்மிடம் கேட்கின்றனர். தண்டு வளைவுதான் காரணம் என்றால், பெரும்பாலும் நல்ல பலன் உண்டு. பிரிட்டனில் 378 பேரை இரு பிரிவாக்கி ஆய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, 110க்குக் கணக்கிடும் உபாதை மதிப்பெண் ஸ்டீராய்டு, உப்புநீர் ஸ்பிரே அடித்தவர்களுக்குச் சராசரி 40 அளவில் இருந்தது; ஆபரேஷன் செய்தவர்களுக்கு 20தான்.

ஆனால் ஆபரேஷன் தண்டை நிமிர்த்துமே தவிர, அலர்ஜியைப் போக்காது. தூசி பட்டால் தும்முகிறவர் பிறகும் ஸ்பிரே அடிக்க வேண்டிவரலாம். இது தெரியாமல் கடன் வாங்கி ஆபரேஷன் செய்துவிட்டு மனம் நோவதில் பயனில்லை. முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிக் காரணத்தைக் கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் வீக்கத்தால் அடைப்பு கூடவே இருக்கும், பயப்பட வேண்டாம். மூக்கைச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. உளூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் சுன்னத். மருத்துவர் தடுத்திருந்தால் விட்டுவிடலாம், உளூ கூடும். கடமையான குளிப்பில் ஹனஃபிகளுக்கு அது ஃபர்ளு. எனவே ஆபரேஷனுக்கு முன்பே இமாமிடம் விளக்கம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.