கணினி மாற்றினோம், பாட்டு என்ன ஆனது?



வீடு மாறும்போது அம்மா என்ன செய்வாங்க? சாமானை எல்லாம் எண்ணி வண்டியில் ஏற்றுவாங்க. புது வீட்டில் இறக்கியதும் மறுபடியும் எண்ணுவாங்க. கணினி மாற்றுவதும் அப்படித்தான். நான் ஒரு தப்பு செய்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன். அதே தப்பை நீங்களும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் பள்ளிப் பழைய கணினியில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. அது வெளிவந்த ஆண்டு 2001. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8 அன்று அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தக் கணினியில்தான் நம் பள்ளி அக்காக்கள் தெருத்தெருவாகப் போய்க் கேட்டு எழுதிய தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் 43 கோப்புகளாக இருந்தன. பாதிக்கு மேல் பாடியது தெற்குத் தெருப் பாட்டி. பாட்டி இப்போது இல்லை. எழுதிய நோட்டும் மழையில் நனைந்து வீணாகிவிட்டது.

அறிவியல் சார் என்னிடம், "பாட்டு ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்துக்கோம்மா. அப்புறம் பழையதைச் சுத்தமா அழிச்சிட்டு மூணாம் வகுப்புக்குக் கொடுத்திடலாம்" என்றார். நானும் திரையில் இருந்த 'பாட்டு' படத்தைக் காப்பி செய்தேன். ஒரு நொடியில் முடிந்தது. எனக்கு ஒரே பெருமை! புதுக் கணினியில் திறந்தால் ஒரு பாட்டுகூட இல்லை. தூக்கிவாரிப் போட்டது. நல்ல வேளை, சார் பழையதை இன்னும் அழிக்கவில்லை.

நான் எடுத்தது ஷார்ட்கட். அது உண்மையான ஃபோல்டர் இல்லை, 'அந்த ஃபோல்டர் இங்கே இருக்கு' என்று வழி காட்டும் பலகை மாதிரி. வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கி வந்தால் ஊர் கூடவே வருமா? ஷார்ட்கட் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். அளவும் ஒன்றிரண்டு கிலோபைட்தான்.

பிறகு சார் சொன்னபடி செய்தேன். முறை இதுதான்:

1. உண்மையான ஃபோல்டரைத் தேடி, அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். எத்தனை கோப்பு, என்ன அளவு என்று நோட்டில் குறியுங்கள்.

2. 'கட்' வேண்டாம், 'காப்பி' செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பழையது அப்படியே இருக்கும்.

3. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. பெரிய வீடியோக்களுக்கு இதைக் கவனிக்கணும்.

4. பென் டிரைவைப் படக்கென்று பிடுங்காதீர்கள். 'எஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள். புதியதில் போடும்போது முதலில் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

5. புதியதில் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, திறந்தும் பாருங்கள்.

நான் எண்ணினேன். 43 இருந்தது. திறந்தேன். தாலாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதேதோ இருந்தது! அழுகையே வந்துவிட்டது.

சார் சிரித்தார். "பாட்டு எங்கேயும் போகலைம்மா, சட்டைதான் வரலை" என்றார். அக்காக்கள் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். அதில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி இருந்தால் அவை தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் குறிகள்தான்.

ஆகவே பழைய கணினியில் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்ற இடத்திலிருந்து பாமினியையும் எடுத்து வந்து புதியதில் நிறுவினோம். உடனே பாட்டி பாட்டு தமிழில் வந்தது!

ஆனால் போகிற கணினிக்கெல்லாம் பாமினியைத் தூக்கிப் போக முடியுமா? அதற்குத்தான் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. அதில் 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று தமிழாகவே பதியும். தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பாமினியை யூனிகோடாக மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் மாற்றிக் குழப்பிவிடும். அதனால் பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்து, நானும் என் தோழியும் வரி வரியாகப் படித்துச் சரி பார்த்தோம். நான்கு நாள் மதிய இடைவேளை ஆனது.

இப்போது 43 பாட்டும் மூன்று இடத்தில் இருக்கின்றன: புதுக் கணினியில், பென் டிரைவில், அச்செடுத்து நம் நூலக அலமாரியில். அதன் பிறகுதான் பழைய கணினியை அழித்தோம்.

தோழர்களே, மென்பொருள் போனால் மறுபடி நிறுவலாம். கணினி போனாலும் வேறு வாங்கலாம். பாட்டி பாடியதை யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே எண்ணுங்கள், திறந்து படியுங்கள், அப்புறம் அழியுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி