அழித்தால் அழியுமா?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா காலத்திலேயே பிழைக்க வந்தவர்கள் பலர். அங்கே ஒரு சந்தில் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து சேமிப்புக் குழு நடத்துகிறார்கள்.

குழுவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. 2016இல் வாங்கியது. கணக்கு, கடன் விவரம், கூட்டக் குறிப்பு எல்லாம் அதில்தான் இருந்தன. இப்போது புதிது ஒன்று வாங்கிவிட்டார்கள். பழையதை என்ன செய்வது?

"காயலான் கடையில் போட்டால் ஏதாவது கிடைக்கும்" என்றார் ஒருவர்.

"வேண்டாம். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். டைப் அடித்துப் பழகட்டும்" என்றார் தலைவி. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது.

கணக்கு எழுதும் அக்கா உட்கார்ந்து, இருந்ததையெல்லாம் அழித்தார். திரையில் இருக்கும் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். பழுது பார்க்கும் கடைத் தம்பி வந்தான்.

"எல்லாம் அழிச்சாச்சு தம்பி. எடுத்துக் கொடுத்திடலாமா?"

"கொஞ்சம் இருங்கக்கா. ஒரு தடவை பார்த்துடறேன்."

அவன் ஒரு சின்ன மென்பொருளை ஓட்டினான். சிறிது நேரத்தில், அழித்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பதினெட்டுப் பேரின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அப்புறம் கூட்டக் குறிப்பு.

யார் எதற்காகக் கடன் கேட்டார் என்று அந்தக் குறிப்பில் இருக்கும். ஒரு அம்மா, புருஷன் வீட்டில் அடிபட்ட மகளைக் கூட்டி வர ஐயாயிரம் வாங்கியிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு குழுவுக்குள் மட்டும் சொன்ன செய்தி அது. அந்த அம்மாவும் அப்போது அங்கே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து முந்தானையால் திரையை மறைத்தார்.

மாலை வகுப்பில் படிப்பவர்கள் அதே சந்துப் பிள்ளைகள். கணக்கு அக்காவுக்கு வியர்த்துவிட்டது.

"நான்தான் அழிச்சேனே! எப்படித் தம்பி வந்தது?"

ரேஷன் கடைப் பதிவேட்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் அவர் வீட்டை விட்டுப் போய்விடுவாரா? மாட்டார். அங்கேயேதான் இருப்பார். கம்ப்யூட்டரும் அப்படித்தான். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நாம் அழி என்றால், பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எழுத்து ஹார்டு டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதினால்தான் பழையது போகும். அதுவரை, தேடத் தெரிந்தவர் எடுத்துவிடலாம்.

இதைச் செய்ய ஒரு முறை இருக்கிறது. தம்பி செய்து காட்டினான்.

முதலில் வேண்டியதைப் பத்திரப்படுத்த வேண்டும். அக்கா எல்லாவற்றையும் மீட்டு, பென் டிரைவில் போட்டார். "புது கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கக்கா" என்றான் தம்பி. திறந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. 2019ஆம் வருடக் கடன் கணக்கு மட்டும் திறக்கவில்லை! அக்கா எடுத்து வந்தது கோப்பை அல்ல. அதற்கு வழி காட்டும் படத்தை மட்டும். அப்படிப்பட்ட படத்தின் மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று சிறிதாக இருக்கும். அது வீட்டு வாசலில் மாட்டிய பலகை மாதிரி. பலகையைக் கழற்றி வந்தால் வீடு வந்துவிடுமா? உண்மையான கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து மறுபடியும் எடுத்தார்கள். இதைப் பார்க்காமல் துடைத்திருந்தால் ஒரு வருடக் கணக்கு போயிருக்கும். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து, மெயிலிலிருந்து வெளியே வந்தார்கள். தலைவியின் வாட்ஸ்அப்பும் அதில் இணைந்திருந்தது. அவருடைய போனில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்துக்குப் போய் அதைத் துண்டித்தார்கள்.

பிறகுதான் துடைப்பது. விண்டோஸ் 10-இல் 'செட்டிங்ஸ்' போக வேண்டும். அதில் 'ரெகவரி' என்ற பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' என்று இருக்கும். அதைத் தொட்டால் இரண்டு வழி காட்டும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் நம் கோப்புகள் அப்படியே இருக்கும். அது வேண்டாம். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தொட வேண்டும். இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று ஒன்று வரும். அங்கே 'கிளீன் டேட்டா' என்பதற்கு 'எஸ்' கொடுக்க வேண்டும். அப்போதுதான் பழைய எழுத்துகளின் மேல் வேறு எழுதி மூடும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போகக் கூடாது. எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில், அதைச் செய்த நிறுவனம் தரும் அழிப்பு வசதியைப் பயன்படுத்துவது நல்லது.

இரவு ஆரம்பித்தார்கள். காலையில் வந்து பார்த்தபோது, எந்த நாடு என்று கேட்டபடி திரை நின்றிருந்தது. கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்த முதல் நாளில் கேட்ட அதே கேள்வி. "இங்கேயே அணைச்சிடலாம். இனிமேல் பிள்ளைகள் அவங்க பெயரைப் போட்டுக்கட்டும்" என்றான் தம்பி.

இன்னொன்றையும் சொன்னான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. டைப் அடிக்க, படம் வரைய இந்தக் கம்ப்யூட்டர் போதும். இதில் வங்கி வேலை பார்க்க வேண்டாம்.

"பிள்ளைகளும் பயன்படுத்தி, அப்புறம் கெட்டுப் போனால்?" என்று கேட்டார் தலைவி.

ஓடாத கம்ப்யூட்டரிலும் ஹார்டு டிஸ்க்கில் எழுத்து இருக்கும். டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது உள்ளே இருக்கும் தட்டுகள் துளைபட உடைத்துவிட வேண்டும். மற்றதைப் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுக்கலாம். இதற்கான மத்திய அரசு விதிகள் முதலில் 2011இல் வந்தன. இப்போதுள்ள விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. தெருவில் போட்டுக் கொளுத்தினால் ஈயமும் நச்சுப் புகையும்தான் மிஞ்சும்.

தம்பி முந்தின நாள் ஓட்டிய மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டு வந்திருந்தான். மறுபடியும் ஓட்டிப் பார்த்தான். குழுவின் கோப்பு ஒன்றுகூட வரவில்லை. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் வந்த பெயர்களை எழுத்துக் கூட்டி, கடைசி வரை தாமே படித்துப் பார்த்தார்.

"சரி, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் மாலை வகுப்புக்குப் போயிற்று. கணக்கு இருந்த பென் டிரைவைக் குழுவின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.