முடி கரையும் வேதியியல்

மழிக்கும் கத்தியின்றி அக்குள் முடியை நீக்கும் பசைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை முடியை வேரோடு பிடுங்குவதில்லை. தோலுக்கு வெளியே உள்ள பகுதியைக் கூழாக்குகின்றன. எவ்வாறு?

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் நீண்ட சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாய் இணைந்து, ஏணிப்படிகள் போலப் பிணைத்துள்ளன. பசையிலுள்ள தயோகிளைக்கோலேட் உப்பு இப்படிகளை முறிக்கிறது. உடனிருக்கும் காரம் முடியை ஊதச் செய்து அதற்கு வழிவிடுகிறது. மூக்கைத் துளைக்கும் நெடியும் கந்தகச் சேர்மத்தினுடையதே. தோல் பதனிடும் தொழிலில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் மாட்டுத்தோலின் மயிரை அகற்றுவதும் ஏறத்தாழ இவ்வாறே. முற்காலத்து மேற்காசியக் குளியற்கூடங்களில் சுட்ட சுண்ணாம்புடன் அரிதாரத்தைக் குழைத்துப் பூசினர். நம் கூத்தர் முகத்தில் பூசிய அரிதாரந்தான்; ஆர்சனிக் அடங்கிய நஞ்சு!

நம் மேல்தோலும் கெரட்டினால் ஆனதே என்பதை மறத்தலாகாது. அதில் கந்தகம் குறைவாதலால் முடி முந்திக் கரைகிறது, அவ்வளவே. உறையில் குறித்த நிமிடங்களைத் தாண்டினால் அடுத்து வெந்துபோவது தோல். அக்குளோ மென்மையான, வியர்வை மிக்க மடிப்பு. எனவே அவ்விடத்திற்கு ஏற்றதென உறையில் குறித்த பசையை, முதல் நாளே சிறிதளவு பூசிச் சோதித்த பின்னரே, புண்ணோ கீறலோ இல்லாத தோலில் பூச வேண்டும். வேர் உள்ளேயே இருப்பதால் சில நாட்களில் முடி மீண்டும் தலைகாட்டும்.