நிற்க அவசரப்படாதீர்கள்: நாற்பது வயதில் சர்ஃபிங்

சர்ஃபிங் கற்க வரும் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் எழுந்து நிற்கலாம்?" என்பதைத்தான். நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் முதல் வகுப்பிலேயே நின்றுவிடலாம். இடுப்பளவு நீரில் அவர் பலகையைப் பிடித்திருப்பார், அலை வரும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவார். நீங்கள் எழுந்தால் போதும், போட்டோவும் கிடைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அலையைத் தேர்ந்தெடுத்தது அவர், பலகையைத் திருப்பியது அவர், வேகம் கொடுத்ததும் அவர். நம் பங்கு கடைசி இரண்டு விநாடி மட்டும். அவர் கையை எடுத்த அன்று நாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அதனால் முப்பத்தைந்துக்கு மேல் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இது: நிற்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்ப்பது, பலகையில் சரியாகப் படுப்பது, கையால் துழாவிப் போவது, இந்த மூன்றும் முதலில் வரட்டும். பன்னிரண்டு வயதுப் பையன் நூறு தடவை விழுந்து கற்றுக்கொள்வான். நமக்கு அந்த உடம்பு இல்லை, பொறுமை இருக்கிறது.

எங்கே, எப்போது

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளமும் மாமல்லபுரமும் இருக்கின்றன. புதுச்சேரியை ஒட்டி செரினிட்டி கடற்கரை. இங்கெல்லாம் பயிற்சிப் பள்ளிகள் நடக்கின்றன, சொல்லித்தருபவர்களில் பலர் அந்தந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகள். அந்தக் கடலின் குணம் அவர்களுக்கு அத்துபடி.

ஜனவரி முதல் மார்ச் வரை அலை சிறியது, பழக ஏற்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து நல்ல அலை வரும். காலையில் கரையிலிருந்து வீசும் மேற்குக் காற்று அலையின் முகத்தைச் சீராக்கும். நண்பகல் வாக்கில் கடற்காற்று திரும்பிவிட்டால் எல்லாம் கலைந்து குழம்பிவிடும். ஆகவே விடிந்ததும் இறங்கி ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவது உத்தமம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீரோட்டமும் பலம், கடலும் முரடு. புதியவர்களுக்கு அது வேண்டாம்.

இலங்கைக்குப் போகிறவர்கள் மாதம் பார்த்துப் போங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே வெலிகம. அங்கே அடியில் மணல், அலை மென்மையானது. மே முதல் செப்டம்பர் வரை கிழக்கே அறுகம் குடா. ஆனால் அங்கே பேர்போன மெயின் பாயிண்டில் அடியில் பாறை இருக்கிறது. தொடக்கக்காரர்களுக்கு அருகிலேயே பேபி பாயிண்ட் உண்டு.

எங்கே போனாலும் புறப்படும் முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிவிப்பைப் பாருங்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. காற்றே இல்லாமல், எங்கோ தொலைவில் கிளம்பிய அலை கரையில் வந்து எழும்புவதுதான் கள்ளக்கடல். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இறங்கும் முன்

நீச்சல் கட்டாயம் தெரிய வேண்டும். காலில் கட்டும் கயிறு, அதாவது லீஷ், அறுந்தும் போகலாம். பலகை இல்லாமல் கரை சேரத் தெம்பு இருக்கிறதா என்று குளத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எட்டு அல்லது ஒன்பது அடி நீள ஃபோம் பலகையே கேளுங்கள். சின்னப் பலகை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பெரியவர் எடையைத் தாங்கி மெல்லிய அலையில் ஓடாது. முழுக்கை லைக்ரா சட்டை, கால் மூடிய லெகிங்ஸ் இரண்டும் வெயிலுக்கு நல்லது, பலகை உரசி வயிறும் முட்டியும் சிவப்பதையும் தடுக்கும். மோதிரம், மெட்டி, தாலிச்சங்கிலி, கண்ணாடி எல்லாவற்றையும் கரையிலேயே கழற்றிவையுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு நாலைந்து பேருக்கு மேல் இருந்தால் அந்த வகுப்பைத் தவிருங்கள்.

பிறகு கால் மணி நேரம் சும்மா நின்று கடலைப் பாருங்கள். அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வரும்போது உடையும். ஒரு மீட்டர் அலை உடைகிற இடத்தில் நீர் கிட்டத்தட்ட மார்பளவு. எங்கே வரிசையாக உடைகிறது என்று பார்த்தால் மணல்திட்டு எங்கே என்று தெரியும். நடுவில் மட்டும் அலை உடையாமல், நீர் கறுத்து, நுரை கடலை நோக்கிப் போகிறதா? புதியவர் கண்ணுக்கு அமைதியான இடமாகப் படுவது அதுதான். அங்கேதான் இழுப்பு இருக்கும், கிட்டப் போகாதீர்கள். தவறிச் சிக்கினால் பலகையை விடாதீர்கள், கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த நுரையோடு கரைக்குத் திரும்புங்கள். உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள்.

படுப்பதில்தான் பாதி வித்தை

உடைந்து வரும் வெள்ளை நுரையில்தான் தொடங்க வேண்டும். பலகையில் நடுக்கோட்டில் படுங்கள். பலகையின் மூக்கு நீரில் குத்துகிறதா? முன்னால் இருக்கிறீர்கள். மூக்கு வானம் பார்த்து, பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடாமல் நிற்கிறதா? பின்னால் இருக்கிறீர்கள். மூக்கு நீருக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் இருக்கிற இடம் சரியான இடம். அந்த நேரத்தில் உங்கள் முகவாய்க்கு நேராகப் பலகையில் என்ன எழுத்து, என்ன கோடு இருக்கிறது என்று பார்த்து நினைவில் வையுங்கள். அடுத்த முறை தேட வேண்டாம்.

மார்பைத் தூக்கி, கால்களைச் சேர்த்து, கையை ஆழமாக விட்டு இழுங்கள். அலை பின்னால் தூக்குகிற கணத்தில் எல்லோரும் துழாவுவதை நிறுத்திவிடுகிறார்கள். பலகை தானாக வழுக்குவதை உணர்ந்த பிறகும் இன்னும் இரண்டு இழுப்பு கொடுங்கள். தவறவிடும் அலைகளில் பாதி இந்த இரண்டு இழுப்பில் கிடைத்துவிடும். முதல் வகுப்புக்குப் பிறகு, தள்ளிவிட வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் நீங்களே சொல்லுங்கள். படுத்தபடியே கரைவரை வந்து, உடம்பைச் சாய்த்து இடமும் வலமும் திருப்பப் பழகுங்கள்.

பிறகு எழுவது

வீட்டில் பாயில் பழகலாம். உள்ளங்கை இரண்டும் விலா ஓரத்தில், புஜங்காசனம் போல மார்பு மேலே. பலகையின் விளிம்பைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் அது கவிழும். சட்டென்று குதித்து எழ இடுப்பு வளையாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பின்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் மடக்கி அந்தப் பாதத்தை முதலில் பலகையில் ஊன்றுங்கள். பிறகு இரு கைக்கும் நடுவே முன்னங்காலைக் கொண்டுவாருங்கள். இரண்டு முட்டியிலும் மண்டியிட்டு எழும் பழக்கம் மட்டும் வேண்டாம், பின்னால் விடுவது கஷ்டம். நின்றதும் காலைப் பார்க்காமல் கரையைப் பாருங்கள்.

விழும்போது தலைகீழாகப் பாயாமல் முதுகோ பக்கவாட்டோ படும்படி தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள், பலகை திரும்பி வரும். நடந்து உள்ளே போகையில் அலைக்கும் உங்களுக்கும் நடுவே பலகை இருக்கக் கூடாது, பக்கவாட்டில் பிடியுங்கள். லீஷைக் கையில் சுற்றாதீர்கள்.

கடல் மரியாதை

அலை உடையத் தொடங்கும் முனைக்கு யார் அருகில் இருக்கிறாரோ அலை அவருடையது, குறுக்கே போகக் கூடாது. வலை இழுக்கும் இடத்திலும் படகு கரையேறும் வழியிலும் இறங்கக் கூடாது. அது அவர்கள் பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு.

மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் மறந்ததைத் திரும்பக் கற்பதிலேயே போய்விடும். விடுமுறை எடுத்து ஐந்து காலை தொடர்ந்து இறங்குங்கள். பத்து நுரை அலையில் ஆறேழையாவது யார் கையும் படாமல் நீங்களே பிடிக்கிற நிலை வந்தால், உடையாத பச்சை அலைக்குப் போகலாம். எவ்வளவு நேரம் இருப்பது என்று கேட்டால், இன்னும் இரண்டு அலைக்குத் தெம்பு மிச்சம் இருக்கும்போதே கரையேறிவிடுங்கள். கை ஓய்ந்த பிறகு "கடைசியாக ஒன்று" என்று திரும்பிப் போகிறவர்கள்தான் அடிபட்டு வருகிறார்கள்.